ஹெட்டைக் கழற்றும் முன் ஆற விடுங்கள்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுத்த மணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட் ஆகியவற்றோடு சிர்கானும் கலந்து கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தியாவிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கரை உலகுக்குத் தெரியவந்தது. இன்று மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை இங்கே இந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது.

இவற்றில் சிர்கானுக்கு ஃபவுண்டரிகளில் தனி மதிப்பு. உருகிய உலோகத்தைத் தாங்கும். சூட்டில் மிகக் குறைவாகவே விரியும். கார் என்ஜினின் சிலிண்டர் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வளைந்த பாதைகளை ட்ரில் போட்டு உண்டாக்க முடியாது. பாதையின் வடிவத்திலேயே மணலில் ‘கோர்’ செய்து அச்சுக்குள் வைத்து உலோகத்தை ஊற்றுகிறார்கள்; ஆறியதும் மணலை உதிர்த்துவிடுகிறார்கள். அளவு பிசகவே கூடாத கோர்களுக்குச் சிர்கான் மணல் தேடப்படுகிறது.

மணலின் குணம் அது. ஊற்றப்படும் அலுமினியத்தின் குணமோ நேர் எதிர்: சூடு ஏறினால் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹெட்டைக் கழற்றுவதில் உள்ள ஆபத்துகளில் பாதி இந்தக் குணத்திலிருந்தே வருகிறது. அம்பாசடரின் இரும்பு ஹெட் கொஞ்சம் அவசரத்தையும் பொறுத்துக்கொண்டது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இன் அலுமினிய ஹெட் அப்படிப் பொறுக்காது; சூட்டோடு கழற்றினால் வளைந்துவிடலாம்.

ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறது, புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுக்கிறது என்றால் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போதும் உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. என்ஜின் முழுக்க ஆறட்டும்; ராத்திரி முழுக்க விட்டுவிடுவது நல்லது. ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகிச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தைத் தீர்க்க வேண்டும். இதை என்ஜினை ஆற விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, முதல் பிஸ்டனை மேலே கொண்டுவந்து டைமிங் குறிகளைச் சேர்த்த பிறகே பெல்ட்டைத் தொட வேண்டும்.

போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்றாகப் பலமுறை சுற்றிவந்து தளர்த்துங்கள். ஒரே போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், மிச்சமுள்ள போல்ட்டுகளின் இறுக்கம் ஹெட்டை ஒரு பக்கமாக இழுத்து வளைத்துவிடும். ஹெட் ஒட்டிக்கொண்டால் இடையில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். அந்தக் கீறல் வழியாகவே மறுபடியும் தண்ணீர் கசியும். மரச்சுத்தியலால் ஓரங்களில் தட்டினால் போதும்.

பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் தூள் நுரையீரலுக்குள் போகும். நனைத்து, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுங்கள். பல பட்டறைகளில் இன்னும் இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வருத்தமான விஷயம்.

வால்வைப் பிரிக்கும்போது கண்ணாடி கட்டாயம். ஸ்பிரிங்குக்குள் அடங்கியிருக்கும் சின்ன லாக்குகள் தெறித்தால் கண்ணைத்தான் தேடும். எந்த வால்வு எந்தத் துளைக்கு என்பது மாறாமலிருக்க, ஒரு அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டுச் செருகிவையுங்கள். அடிப்பரப்பில் நேர்க்கோலை வைத்து, ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தகடு அடியில் நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். அதைவிடத் தடித்த தகடும் நுழைந்தால், பல சிறிய என்ஜின்களின் ஹெட் பட்டறையில் பரப்புக் கடைசலுக்குப் போயாக வேண்டும்.

திரும்பப் பூட்டும் முன் பிளாக்கின் போல்ட் துளைகளை நன்றாகத் துடைத்து உலர வையுங்கள். அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், இறுக்கும்போது போல்ட்டுக்குக் கீழே அது போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். அதன் பிறகு இறுக்கம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, டார்க் ரெஞ்ச்சால், அந்த என்ஜினுக்குச் சொன்ன அளவில், படிப்படியாக.