சேப்பாக்கத்துப் பித்தர்கள்

பித்துக்களில் பல வகை உண்டு. சங்கீதப் பித்து, சீட்டாட்டப் பித்து, காப்பிப் பித்து என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாவற்றிலும் விசித்திரமானது பந்தயம் பார்க்கும் பித்துத்தான். சீட்டாடுகிறவன் கையிலாவது சீட்டு இருக்கிறது. பந்தயம் பார்க்கிறவன் கையில் இருப்பது ஒரு பொட்டலம் வேர்க்கடலை. மைதானத்தில் பதினோரு பேர் ஆடுகிறார்கள். அவன் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே அவர்களுடைய வெற்றியையெல்லாம் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறான். அவர்கள் தோற்றாலோ, வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிறான்.

இந்தப் பித்துக்கு ஒரு சாஸ்திரமும் உண்டு. நம்மவர் மட்டை பிடித்து ஆடும்போது வீட்டில் ரேடியோவின் முன்னால் இருப்பவர்கள் யாரும் இடம் மாறக் கூடாது. தப்பித் தவறி ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய், அந்தச் சமயத்தில் நாலு ஓட்டம் கிடைத்துவிட்டால் தீர்ந்தது. அன்று முழுவதும் அவருக்குச் சமையலறைதான் வாசஸ்தலம். படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட இந்த விஷயத்தில் விலக்கில்லை.

பித்தர்களில் தேர்ந்த ஒருவரை நான் சந்தித்தது 1999-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, சேப்பாக்கம் மைதானத்தில், பட்டாபிராமன் வாயில் பக்கத்து வரிசையில். அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் குடை, மற்றொரு கையில் தயிர்சாதப் பாத்திரம். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் குடையை விரிக்கமாட்டார். விரித்தால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? "பின்னே எதற்கு ஸார் குடை?" என்று கேட்டேன். "கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?" என்றார். அதன் பொருள் நாலாவது நாள்தான் எனக்கு விளங்கிற்று.

அவருக்கு இது பரம்பரைச் சொத்து. தகப்பனார் காலத்தில் சென்னையில் கிரிக்கெட் என்றால் பொங்கல் மாட்ச்தான். ஐரோப்பியர் ஒரு கோஷ்டி, இந்தியர் ஒரு கோஷ்டி. அதற்கும் முன்னால், சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்களுக்கு வெள்ளைக்காரர்களின் கட்டிடத்தில் இடமில்லாமல், அவர்கள் மரத்தடியில் உட்கார வேண்டியிருந்தது என்று சொல்லுவார்கள். அந்த ரோஷத்தில்தான் புச்சிபாபு நாயுடு 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்தாராம். பம்பாயிலோ மதத்துக்கு ஒரு கோஷ்டியாகப் பிரிந்து ஆடினார்கள். அது தகாது என்று 1940-ல் மகாத்மா காந்தி கண்டித்தார். ஆயினும் அந்தப் பந்தயம் 1946 வரையில் உயிரோடிருந்தது. நம் ஊரில் மதச் சண்டை இல்லை. நிறச் சண்டை மட்டும் இருந்தது. ஆகையால் பொங்கல் மாட்சில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கிடைத்த கரகோஷத்தில் கிரிக்கெட்டைத் தவிர வேறு விஷயமும் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும்.

1934-ம் வருஷம் பிப்ரவரியில் ஜார்டினுடைய கோஷ்டி சேப்பாக்கத்துக்கு வந்தது. இங்கே நடந்த முதல் டெஸ்ட் பந்தயம் அதுதான். நமக்கு ஸி. கே. நாயுடு தலைவர். 202 ஓட்டங்களில் நாம் தோற்றோம். ஆனால் முதல் இன்னிங்ஸில் அமர்சிங் 86 ஓட்டங்களைக் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். "எங்கள் அப்பாவிடம் அந்த மாட்சைப் பற்றிக் கேட்டால், தோற்றோம் என்று சொல்லவே மாட்டார். 'அமர்சிங் ஏழு பேரை எடுத்தான்' என்பார். அதோடு சரி" என்றார் பெரியவர்.

அவர் முதன் முதலாகப் பார்த்தது 1952-ம் வருஷத்துப் பந்தயம். அப்போது பத்து வயதுச் சிறுவன். 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கி இருபது வருஷகாலம் டெஸ்ட் ஆடியும் இந்தியா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. பிப்ரவரி 6-ந் தேதி சேப்பாக்கத்தில் ஆட்டம் ஆரம்பமாயிற்று. அன்றைக்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். மறுநாள் ஆட்டம் இல்லை. வினு மங்கட் முதல் இன்னிங்ஸில் எட்டு, இரண்டாவதில் நாலு, ஆகப் பன்னிரண்டு விக்கெட்டுகளை எடுத்தார். பங்கஜ் ராயும் உம்ரீகரும் சதம் போட்டார்கள். 10-ந் தேதி, இன்னிங்ஸும் எட்டு ஓட்டமுமாக இங்கிலாந்தைத் தோற்கடித்தோம். பத்து வயதில் அப்படி ஒரு வெற்றியைப் பார்த்துவிட்டவன் கதி என்ன? ஆயுள் முழுவதும் அதைப் போல இன்னொன்று வரும் என்று மைதானத்துக்கு நடையாய் நடப்பதுதான்.

நடந்தார். 1975-ம் வருஷப் பொங்கலின்போது விசுவநாத் 97 ஓட்டங்களோடு நின்றுவிட்டதைப் பார்த்தார். ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு முன்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக மறைய, கடைசியாக வந்த சந்திரசேகரும் போனார். மூன்று ஓட்டம் குறை. அந்தப் பந்தயத்தில் இந்தியா நூறு ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆனாலும் அவர் மனத்தில் தங்கியிருந்தது அந்த மூன்று ஓட்டந்தான்.

1986-ம் வருஷம் செப்டம்பரில் நடந்ததைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அந்த உஷ்ணத்தில் டீன் ஜோன்ஸ் மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 210 ஓட்டங்கள் ஆடினார்; பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. அதே உஷ்ணத்தில் மாத்யூஸ் என்பவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பந்து வீசினாராம்! கடைசி நாளில் நமக்கு 348 ஓட்டங்கள் தேவை. கவாஸ்கர் 90 எடுத்தார். கடைசி ஓவரில் நாலு ஓட்டம் வேண்டும். கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பின்னர் ஒன்று எடுத்தார். கணக்கு சமமாயிற்று. மூன்று பந்துகளில் மணீந்தர் சிங் ஓர் ஓட்டம் எடுத்தால் வெற்றி. முதல் பந்தைத் தடுத்தார். அடுத்த பந்து காலில் பட்டது. அம்பயர் விரலை உயர்த்திவிட்டார். இன்னும் ஒரு பந்து வீசப்படாமலே மிச்சம்.

டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன்னால் ஒரே தடவை, 1960-ல் பிரிஸ்பேனில்தான், இப்படிச் சமமாக முடிந்திருக்கிறது. "ஜெயித்தால் சிரிக்கலாம், தோற்றால் அழலாம். அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வாலாஜா ரோடு வழியாக நடந்து கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போனபோது மணி ஒன்பது" என்றார்.

இவ்வளவும் அவர் சொன்னது 1999-ம் வருஷப் பந்தயத்தில், உணவு இடைவேளைகளில். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பாகிஸ்தான் கோஷ்டி டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்திருந்தது. அவர்கள் வரக் கூடாது என்று டில்லி மைதானத்தில் ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் போட்டிருந்தார்கள். சேப்பாக்கத்தில் என்ன நேருமோ என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நானும் அன்று ஒரு விளையாட்டைப் பார்க்கிற மனத்துடன் போகவில்லை. யுத்தத்துக்குப் போகிறவனைப் போலத்தான் போனேன்.

ஜெயிக்க 271 ஓட்டங்கள் வேண்டும். மூன்றாம் நாள் மாலை, ஆறு ஓட்டம் எடுப்பதற்குள் வக்கார் யூனுஸ் இரண்டு பேரை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவர் அந்தப் பந்தயத்தில்தான் டெஸ்ட் அரங்கேற்றம் செய்த நம் ஊர் ரமேஷ். டெண்டுல்கர் வந்தார். நாலாம் நாள் 82 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட்டுகள் போயின. பெரியவர் குடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு டெண்டுல்கரும் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் எடுத்தார்கள். மோங்கியா போன பிறகும் டெண்டுல்கர் நின்றார். முதுகு வலியால் அவர் குனிந்து நிமிர்வதே கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் மைதானம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது. 254-ல் ஸக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தார். பந்து மேலே போயிற்று. கீழே வஸீம் அக்ரம் நின்றார். டெண்டுல்கர் எடுத்தது 136.

இன்னும் 17 ஓட்டங்கள், மூன்று விக்கெட்டுகள். சின்னப் பையன்கள்கூட எடுத்துவிடக் கூடிய கணக்கு. நாலே ஓட்டத்தில் மூன்றும் போயின. 12 ஓட்டத்தில் தோற்றோம்.

அந்த நிமிஷத்தில் சேப்பாக்கத்தில் இருந்த நிசப்தத்தை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. அத்தனை ஆயிரம் பேர். ஓர் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் குடை தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்து நின்றிருந்தார், கைதட்டிக்கொண்டிருந்தார்.

"தோற்றுவிட்டோமே, ஸார்?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

"தோற்றோம் தம்பி, அதற்கென்ன? நம் ஊருக்கு வந்து நாலு நாள் இப்படி ஆடியிருக்கிறார்கள். உட்கார்ந்துகொண்டா வழியனுப்புவது?"

சுற்றும் முற்றும் பார்த்தேன். அவர் மட்டும் அல்ல. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எதிர்ப் பக்கம், எங்கும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து வணக்கம் செலுத்தினார்கள். நானும் எழுந்தேன். கண்ணில் நீர் வந்தது. அது தோல்விக்காகவா, வேறெதற்காகவா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற பரிசு டெண்டுல்கருக்குக் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ள அவர் வெளியே வரவில்லை.

இதனால் சென்னை ஜனங்கள் மட்டும் உத்தமர்கள், மற்ற ஊரார் மோசம் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதமே கல்கத்தாவில் டெண்டுல்கர் ரன்-அவுட் ஆனதும் பெருங் கலவரம் மூண்டது. ரஸிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். கல்கத்தாக்காரர்களுக்குக் கிரிக்கெட்டின் மேல் நம்மைவிடப் பிரியம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? பிரியம் ஒன்றேதான். சேப்பாக்கத்திலும் அந்த நிசப்தம் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். எனக்குள் அது திரும்பத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு குடைக்காரர் இருந்தார், பிழைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, 2001 மார்ச்சில், ஆஸ்திரேலியர் வந்தபோது அதே வரிசையில் அவரை மறுபடியும் பார்த்தேன். அதே குடை. ஹர்பஜன் சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாகப் பதினைந்து விக்கெட்டுகளை எடுத்தார். கடைசி நாளில் 155 ஓட்டங்கள் எடுத்தால் போதும். போதுந்தான், ஆனால் எட்டு விக்கெட்டுகள் விழுந்துவிட்டன. 17 ஓட்டம், மூன்று விக்கெட் என்ற பழைய கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். படிக்கட்டின் கீழே, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையைப் பற்றியபடி நின்றிருந்தார்.

மக்கிராத் வீசினார். ஹர்பஜன் பாயிண்ட் பக்கமாகத் தட்டிவிட்டு இரண்டு ஓட்டம் ஓடினார். மைதானம் அதிர்ந்தது. நான் படியிறங்கி ஓடினேன். ஐந்து நாள் வெயிலில் காய்ந்தவர், ஜெயித்த அடியை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்.

"எந்தப் பக்கம் தம்பி அடித்தான்?" என்று கேட்டார்.

அவர் குடையை வாங்கி, மட்டையைப் போலப் பிடித்து, அடித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை" என்றார்.