ஆயாவின் தோடும் ஒரு பழைய ஜோர்க்கி கேமராவும்

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. திண்டிவனத்து வீட்டுத் திண்ணையில் ஆயா உட்கார்ந்திருக்கிறார். காதுத் தோடு பளிச்சென்று விழுந்திருக்கிறது, கண்கள் மட்டும் மங்கல். செகண்ட் ஹேண்டில் ஜோர்க்கி-4 வாங்கி நான் எடுத்த முதல் ரோல் அது. அடுத்த ரோல் போடுவதற்குள் ஆயா போய்விட்டார். தப்பு எங்கே நடந்தது என்று அப்புறம்தான் தோண்ட ஆரம்பித்தேன்.

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். ஃபோகஸ் தப்பினால் அங்கேயே தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. முன்பக்கம் சில செ.மீ. இடைவெளியில் இரண்டு ஜன்னல்கள். இரண்டிலிருந்தும் வரும் பிம்பங்கள் வ்யூஃபைண்டரின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து ஒரு பிம்பத்தை நகர்த்தும். இரண்டும் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. நம்ம ரெண்டு கண்ணும் தூரத்தைக் கணிக்கிற அதே முக்கோணக் கணக்குதான்.

சிக்கலும் அங்கேதான். உள்ளே ஒரு திருகு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் பிம்பங்கள் அழகாகச் சேரும், ஆனால் லென்ஸ் வேறு தூரத்தில் நிற்கும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்து 1 மீட்டரில் வைத்தால், ஷார்ப்பாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 5 செ.மீ. கண்ணுக்கும் காதுக்கும் அதைவிட அதிக இடைவெளி.

பிறகு எதற்கு இந்த வம்பு? விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்திலேயே பதில் இருக்கிறது. 1950 ஏப்ரலில் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்துவிட்டு, பாண்டிச்சேரியில் அரவிந்தரையும் எடுத்தார். பல வருடங்களாகப் புகைப்படத்துக்கு உட்காராதவர் அரவிந்தர். ப்ரெஸ்ஸோனின் கருவி லைக்கா, ஃபிளாஷ் அவருக்குப் பிடிக்காது. ரேஞ்ச்ஃபைண்டரில் மேலே எழும் கண்ணாடி கிடையாது, அதனால் சத்தமும் அதிர்வும் குறைவு. குறைந்த வெளிச்சத்தில் மெதுவான ஷட்டரிலும் கையில் பிடித்தே எடுக்கலாம். அந்த டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். அங்கேயும் ரீடேக் இல்லை.

நீங்கள் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினால் முதலில் இதைச் செய்யுங்கள்:

லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்து நிலாவைப் பாருங்கள். இரண்டு நிலாவும் ஒன்றாக வேண்டும்.

ஜோர்க்கி-4-இன் பின்மூடி முழுசாகக் கழன்று வரும். ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை ‘பி’-யில் திறந்து பிடியுங்கள். 1 மீட்டரில் ஒரு எரியும் பல்பை வைத்து, பிம்பங்களைச் சேர்த்த பின் பேப்பரிலும் அது தெளிவாக விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: ஷட்டர் வேகத்தை மாற்றுவதற்கு முன் ஃபிலிமை வைண்ட் பண்ணிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜோர்க்கி கெட்டுப்போகலாம்.

எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை. ஆயாவைத் திண்ணையில் உட்கார வைப்பதற்கு முன் நான் அதைச் செய்யவில்லை.