கொடிகள் மாறின, மொழி?

ரைன் ஆற்றுக்கு அக்கரை ஜெர்மனி; இக்கரை பிரான்சு. இக்கரையிலே நிற்கிறது ஸ்ட்ராஸ்பர்க். நாம் அந்நகரைப் பற்றி எழுதுவது, அதன் விண்முட்டும் தேவாலயத்துக்காக அல்ல. அங்குள்ள மக்களின் நாவுக்காக!

842-ஆம் ஆண்டு. ஒரு தந்தையின் மைந்தர் இருவர், லூயியும் சார்லசும், மூத்தவன் லோத்தரை எதிர்க்க அங்கே கூடி உறுதி பூண்டனர். எம்மொழியில்? ஏட்டிலும் கோயிலிலும் கோலோச்சிய இலத்தீனிலா? இல்லை! (இலத்தீன் வீற்றிருந்த பீடம் எத்தகையது என்று நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?) சார்லசின் வீரர்க்குப் புரியவேண்டுமென்று லூயி அவர்கள் மொழியிலே உறுதி சொன்னான், லூயியின் வீரர்க்காகச் சார்லஸ் ஜெர்மானிய மொழியிலே சொன்னான். மாற்றார் மொழியை மதித்த மன்னர்கள்!

பின்வந்தோர்? 1681-இல் பதினான்காம் லூயி நகரைப் பிடித்தான். அரசு பிரெஞ்சு அரசு. வீட்டுப் பேச்சோ ஜெர்மனுக்கு உறவான அல்சேஷியன். பிரான்சின் தேசிய கீதம் 1792-இல் பிறந்ததே இந்த ஊரில்தான்! புளித்த முட்டைக்கோசுக்கு இவ்வூர்ப் பாட்டிமார் வைத்திருந்த பெயர் திரிந்துதான் பிரெஞ்சுக்காரரின் 'சூக்ரூத்' ஆயிற்று. முதற்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் ஜெர்மன் — அப்படிப்பட்டவர் அங்கே ஏராளம்.

1871-இல் ஜெர்மனி. 1918-இல் பிரான்சு. 1940-இல் இட்லர். 1944-இல் மீண்டும் பிரான்சு. வீடு மாறவில்லை, வீதி மாறவில்லை. எழுபத்துமூன்று ஆண்டுகளிலே நாடு நான்கு முறை மாறிற்று!

இட்லர் ஆட்சியிலே பிரெஞ்சு பேசத் தடை. ஆட்பெயர், தெருப்பெயர் அனைத்தும் ஜெர்மன் ஆகவேண்டுமென்று ஆணை. பிரெஞ்சுக்காரர் அணியும் வட்டத் தொப்பிக்கும் தடை! தொப்பிக்கு அஞ்சியதய்யா, உலகை ஆளக் கிளம்பிய அரசு! 1942 முதல் ஊர் இளைஞரைக் கட்டாயமாக ஜெர்மன் படையிலே சேர்த்து, ருஷ்யப் போர்முனைக்கு ஓட்டினர்.

விடுதலை வந்தது. கொடுங்கோலன் தொலைந்தான். மகிழ்ந்தோம் என்று முடித்துவிடலாமா? தொடக்கப் பள்ளியிலே ஜெர்மன் பாடம் நிறுத்தப்பட்டது. 'பிரெஞ்சு பேசுவதே நாகரிகம்' என்று பிரச்சாரம் நடந்தது. பள்ளியிலே அல்சேஷியன் பேசிய பிள்ளைக்குத் தண்டனை. இட்லரின் சீற்றம் பிரெஞ்சின்மீது. பாரிசின் சினம் ஜெர்மன்மீது. இடையிலே அடிபட்டது அடுக்களை மொழி. பாட்டி அல்சேஷியனில் கேட்பாள். பேரன் பிரெஞ்சிலே பதில் சொல்வான். போர்ப்படை செய்யாததைக் கூச்சம் செய்தது!

இன்று தெருப்பலகைகள் சிலவற்றிலே பிரெஞ்சோடு அல்சேஷியனும் எழுதப்பட்டிருக்கிறது. இருமொழி வகுப்புகளும் உண்டு. 2017 முதல் டிராம் வண்டி ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு ஓடுகிறது. அக்கரையில் முதியோர் பேசும் பேச்சு, இக்கரைப் பாட்டியின் பேச்சுக்கு உடன்பிறப்பு. அதைப் புரிந்துகொள்ள, பேரன் பள்ளியிலே ஜெர்மனை அயல்மொழிப் பாடமாகப் படித்துக்கொண்டிருக்கிறான்!