பேச்சுவாக்கில்

முன்கூட்டியே எண்ணி வைக்காமல், உரையாடலின் ஓட்டத்தில் தானாக வந்து விழும் சொல்லைப் ‘பேச்சுவாக்கில்’ சொன்னது என்பது தமிழ் வழக்கு. இத்தொடரிலுள்ள ‘வாக்கு’ என்பதை, வாக்குறுதி, வாக்குமூலம் ஆகியவற்றில் வருவதும் பேச்சு எனப் பொருள்படுவதுமான வடசொல்லாகக் கொண்டால், ‘பேச்சுப் பேச்சில்’ என்னும் வெற்று இரட்டிப்பே மிஞ்சும். இங்கே வாக்கு என்பது ஒன்று செல்லும் திசை, அல்லது அதன் போக்கு; தச்சர் பலகையை நீளவாக்கில் அறுப்பதும், வாழைக்காய் குறுக்குவாக்கில் நறுக்கப்படுவதும், அடுத்த தெரு நாதசுரம் காற்றுவாக்கில் வந்து காதில் விழுவதும் இப்பொருளிலேயே. 2022இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயரிலும் இந்தக் காற்றுவாக்கு, ‘காத்துவாக்குல’ என்று பேச்சு வடிவில் இடம்பெற்றது.

‘வாய்தவறி’ என்பது சொல்லக் கூடாதது வெளிப்பட்டதையும், ‘வாய்க்கு வந்தபடி’ என்பது பொறுப்பற்ற பேச்சின் மீதான கண்டனத்தையும் உணர்த்த, ‘பேச்சுவாக்கில்’ மட்டும் யார் மீதும் குற்றம் சுமத்துவதில்லை. அந்த மென்மையாலேயே அது நல்ல மறைப்பாகவும் பயன்படுகிறது: கொடுத்த கடனைக் கல்யாணப் பந்தியில் நினைவூட்ட எண்ணுபவர், இரவெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து, பாயசம் பரிமாறப்படும் வேளையில் மெல்ல எடுத்துச் சொல்லி, எதிரிலிருப்பவரின் முகம் சுருங்கியதும், “சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்” என்று முடித்துக்கொள்வதுண்டு.