வீட்டுத் தொலைபேசியை இணையத்துக்கு மாற்ற முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வரிப்பத்தான்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் தொலைபேசி 2003 இல் எடுத்தது. சமாதான காலம். மத்திய கிழக்கிலிருந்து வரும் அழைப்புக்காகக் கொமினிகேஷன் கடையில் மணிக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு அது பெரிய விடயம். இப்போது மழை பெய்தால் அதில் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. மரக்கிளைகள் உரசி, கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கிவிட்டது. இணையத்தில் இயங்கும் வீட்டுத் தொலைபேசிக்கு மாறலாம் என்ற யோசனை வந்தபோது வாப்பா உடனே சம்மதித்தார். உம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“நம்பர் மாறுறெண்டா எனக்கு வேணாம் மகள்.”

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2006 இல் வயலுக்குப் போன சின்ன மாமா திரும்பி வரவில்லை. பொலிஸ் முறைப்பாட்டிலிருந்து, சர்வதேச செஞ்சிலுவைக் குழு, 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, பின்னர் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் வரை நிரப்பிக் கொடுத்த எல்லாப் படிவங்களிலும் இந்த இலக்கமே இருக்கிறது. மாமாவுக்கு மனப்பாடமாக இருந்த இலக்கமும் இதுதான்.

வடக்கிலும் கிழக்கிலும் இப்படிப்பட்ட வீடுகள் பல. ஆகவே மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவல்ல இது. நான் விசாரித்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

பழைய கம்பி சுமந்து வந்தது குரலை மட்டுமல்ல

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. பரிவர்த்தனை நிலையத்திலுள்ள பெட்டரித் தொகுதியிலிருந்து சுமார் 48 வோல்ட் நேரோட்ட மின்சாரம் அதே செப்புக் கம்பி வழியாக வீட்டுக்கு வருகிறது. ஊரே இருளில் கிடந்தாலும் தொலைபேசி ஒலித்தது அதனால்தான். கம்பியில்லாக் கைப்பிடி உள்ள தொலைபேசிகளுக்கு மட்டும் வீட்டுக் கரண்டும் வேண்டும்.

இணையத் தொலைபேசியில் குரல் சிறு சிறு தரவுப் பொதிகளாக உடைக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. அது வீட்டுக்கு வரும் வழிகள் இரண்டு. ஒன்று பைபர். கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. மற்றையது 4ஜி ரவுட்டர். அது கைபேசிக் கோபுரத்தோடு பேசுகிறது. எந்த வழியானாலும் வீட்டிலுள்ள பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும்.

வேகம் பெரிய பிரச்சினையல்ல. சுருக்கப்படாத குரல் அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 80 மெகாபைட் மட்டுமே எடுக்கும். தாமதம்தான் பிரச்சினை. குரல் மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுத்தால் இருவர் பேச்சும் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும். ஆகவே 4ஜி எடுப்பவர்கள் ரவுட்டரை வைக்கப்போகும் இடத்திலேயே, இரவு எட்டு மணி போன்ற நெரிசலான நேரத்தில் பேசிப் பார்க்க வேண்டும்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் முழு நாடும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியது. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. இப்படியான நாட்களில்தான் தொலைபேசி அதிகம் தேவைப்படுகிறது.

பிரித்தானியாவில் இருக்கும் நம் உறவுகள் இந்த மாற்றத்தை ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயலில் மின்சாரம் அறுந்தபோது இணையத் தொலைபேசிகளும் ஊமையாகின. அடுத்த மார்ச்சில் பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனம் மாற்றத்தை இடைநிறுத்தியது. பழைய வலையமைப்பை 2025 டிசம்பரில் மூடும் திட்டமும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. தனியே வாழும் முதியவர்கள் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் வேலைசெய்யாமற் போனது அதற்கு ஒரு முக்கிய காரணம். வேறு வழியில்லாதவர்களுக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர அழைப்பு எடுக்க வசதி செய்ய வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குபடுத்துநர் கேட்கிறார். அமெரிக்காவில் 8 மணிநேர, 24 மணிநேர மாற்று மின்வசதிகளை வாடிக்கையாளர் விரும்பினால் வாங்கக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதித்தார்கள்.

நாமே செய்யக்கூடியது ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் வாங்குவது. 10,000 மில்லிஅம்பியர் என்று பெட்டியில் போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 37 வோட்-மணி. 10 வோட் எடுக்கும் ரவுட்டருக்கு, வீணாவது போக, மூன்று மணித்தியாலம் அளவில் தாங்கும். வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரைக் கொண்டுபோய் வோல்ட் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது எரிந்துபோகலாம்.

4ஜி என்றால் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும். அங்குள்ள பெட்டரி தீர்ந்து, ஜெனரேட்டரும் இல்லையென்றால் நம் யூபிஎஸ்ஸால் பயனில்லை. ஆகவே வீட்டுத் தொலைபேசி ஒரு நிறுவனத்தினது என்றால், கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் இருப்பது நல்லது.

வட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?

தம்பி கேட்ட கேள்வி இது. வட்ஸ்அப்பிலிருந்து 119 பொலிஸையோ, 1990 அம்புலன்ஸையோ அழைக்க முடியாது. இருதய வருத்தம் உள்ள வாப்பாவுக்கு 1990 தான் அம்பாறை வைத்தியசாலைக்கான வழி. துபாயிலிருக்கும் ராத்தாவுக்கு அங்கே வட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது.

தடை இங்கேயும் வந்திருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. தொடர்ந்து கண்டியில் வன்முறை வெடித்தபோது, மார்ச் 7 இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டு ஒரு வாரமளவில் அப்படியே இருந்தன. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் அதே கதை. அந்த ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, கல்முனைப் பக்கத்து உறவுகளை விசாரிக்கச் சாதாரண அழைப்புத்தான் கைகொடுத்தது. தொலைபேசி நிறுவனம் தரும் இணைய வீட்டு இணைப்பு வேறு, இந்தச் செயலிகள் வேறு. செயலி முடக்கப்பட்டாலும் இலக்கத்துக்கு வரும் அழைப்பு வரும்.

இலக்கம்

மாறும்போது இலக்கம் தானாகவே கூட வரும் என்று நினைக்க வேண்டாம். அதே நிறுவனத்துக்குள் மாறுவதென்றால், பழைய இலக்கம் தொடருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பழைய இணைப்பைத் துண்டிக்கும் விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டாம். வேறு நிறுவனத்துக்குப் போவதென்றால் புதிய இலக்கமே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுங்கள்.

மாறித்தான் ஆக வேண்டுமென்றால், முறைப்பாடு கொடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் கோப்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய தொலைபேசி இலக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் பிரதியையும் பத்திரமாக வையுங்கள்.

நாங்கள் மாறிவிட்டோம். இலக்கம் தொடரும் என்ற கடிதம் வந்த பிறகுதான் உம்மா தலையாட்டினார். வீட்டில் வேறு கைபேசி இல்லாத, முதியவர்கள் மட்டும் இருக்கும் குடும்பமென்றால், கம்பி வேலைசெய்யும்வரை காத்திருக்கத்தான் சொல்வேன்.

இணைத்த அன்று இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, முற்றத்தில் நின்று என் கைபேசியிலிருந்து வீட்டு இலக்கத்துக்கு எடுத்தேன். இருட்டு அறையில் மணி ஒலித்தது. இரண்டாவது மணிக்கே உம்மா எடுத்துவிட்டார். நான்தான் எடுக்கிறேன் என்று தெரிந்திருந்தும், வழக்கம்போல “ஆரு?” என்றுதான் கேட்டார்.