கைப்பூட்டு மாற்றிய பின் முன்சக்கரம் இழுக்காத வண்டிகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி முதலிய இடங்களில் மலைச்சரிவை ஒட்டி நிலமுடையவர்களுக்கு, நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஜீப்பும் சிறு லாரியும் மிகவும் உபயோகமானவை. மழையில் செம்மண் பாதை வழுக்கும்பொழுது பின்சக்கரங்களின் இழுப்பு மட்டும் போதாது. இத்தகைய சில வண்டிகளில் முன்சக்கர ஹப்புகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். அவை பழுதானால் அவற்றை நீக்கிக் கையால் திருகும் ஹப்புகளைப் பொருத்துவதுண்டு. பொருத்திய பின்னர், கியர் கம்பியைச் சரியாகப் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லை என்னும் குறை சில சமயம் எழுகிறது. மாங்காய்ச் சுமையுடன் ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி பின்னோக்கி நழுவுமாயின் உயிருக்கே அபாயமாகும். ஆதலால் குறையைக் களத்திலேயே கண்டறிதல் நன்று.

கைப்பூட்டு ஹப்பு புதிய சாதனமன்று. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் கழித்து விற்கப்பட்ட ஜீப்புகளுக்காக, அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ம் வருஷத்தில் இவ்வகை ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். தார் ரோட்டில் முன் அச்சும் அதன் பற்சக்கரங்களும் வீணே சுழன்று தேயாதபடி, சக்கரத்தை அச்சுத்தண்டினின்று விடுவிப்பதே இதன் நோக்கம்.

எஞ்சினின் விசை டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்து முன் ஷாப்டு வழியாக டிபரன்ஷியலுக்கும், அங்கிருந்து இரு அச்சுத்தண்டுகளுக்கும் சென்று, ஹப்பு பூட்டியிருந்தால் மட்டுமே சக்கரத்தை அடைகிறது. கியர் கம்பியும் அதைச் சேர்ந்த விளக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் நிலையைத்தான் காட்டுகின்றன. ஹப்பைப் பற்றி அவை ஒன்றும் அறிவியா. சாதாரண டிபரன்ஷியல் விசையை எளிதில் சுழலும் பக்கத்திற்கே விட்டுவிடும். ஒரு ஹப்பு திறந்திருந்தால் அப்பக்கத்துத் தண்டு வெறுமனே சுழலும். பூட்டியுள்ள மற்றச் சக்கரமும் இழுக்காது. நுகத்தினின்று ஒரு மாடு கழன்றபின் மற்ற மாட்டை அதட்டிப் பயனென்ன?

சோதனைக்கு வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி உறுதியான முட்டுகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது. கியர் கம்பியை நாற்சக்கர நிலையில் போட்டு, முன் ஷாப்டைக் கையால் திருப்பிப் பார்க்கவும். சிறிது தளர்ச்சிக்கு மேல் அது தாராளமாகச் சுழன்றால், குறை டிரான்ஸ்பர் பெட்டியிலோ கம்பி இணைப்பிலோ உள்ளது. ஹப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஷாப்டு நின்றால் இரு ஹப்புகளையும் பூட்டி ஒரு சக்கரத்தைச் சுழற்றுக. மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலாவிடில், எந்தச் சக்கரம் தன் அச்சுத்தண்டைச் சுழற்றாமல் தான் மட்டும் சுற்றுகிறதோ அதன் ஹப்பிலேயே குறை. சில வண்டிகளில் அச்சின் நடுவிலும் ஓர் இணைப்பு உண்டு. அது திறந்திருந்தாலும் இதே குறை தோன்றும்.

ஹப்பின் திருகு முழுவதும் திரும்பாவிடில் குறடு கொண்டு முறுக்குதல் தவறு. உள்ளிருக்கும் பற்கள் நேர்படாமையே பெரும்பாலும் காரணம். வண்டியைச் சிறிது உருட்டினால் அமர்ந்துவிடும். அடிக்கடி காணப்படும் மற்றொரு காரணம் கிரீஸ். பேரிங்குக்குரிய கெட்டிக் கிரீஸை ஹப்பினுள்ளும் அடைத்தால், பூட்டும் வளையம் நகராமல் ஒட்டிக்கொள்ளும். அங்கே மெல்லிய பூச்சே போதும். தண்டின் நுனியிலுள்ள சர்க்கிளிப் விடுபட்டிருந்தால் தண்டு உள்வாங்கிப் பற்கள் அரைகுறையாகப் பற்றும். தண்டின் பற்களின் எண்ணிக்கையும் ஹப்பின் எண்ணிக்கையும் ஒத்திருத்தல் வேண்டும். பேரிங் நட்டு, வாஷர் ஆகியவையும் சில வண்டிகளில் மாற வேண்டும். பழைய நட்டையே போட்டுப் பேரிங்கைத் தளர்த்திவிடுதல் முன்சக்கரத்திற்கே கேடு.

பழைய ஹப்பு வாக்குவத்தால் இயங்கியதாயின், அதன் குழாய் முனையைக் காற்றுப் புகாமல் அடைத்தல் மிக முக்கியம். பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் அதே பம்பிலிருந்து வருமாயின், இங்கே கசிந்தால் பிரேக் மிதி கெட்டிப்பட்டு வண்டி எளிதில் நிற்காது. அச்சின் நடு இணைப்பும் வாக்குவத்தால் இயங்குவதானால், அதற்குரிய குழாயை அடைத்துவிடாமல் வேலை செய்யும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

தார் ரோட்டை விட்டிறங்குமுன் இரு ஹப்புகளையும் பூட்டிக்கொள்க. சேற்றில் அழுந்தியபின் திருகைத் தேடுவது எளிதன்று. உலர்ந்த தார் ரோட்டில் நாற்சக்கர இழுப்புடன் ஓட்டினால், திருப்பங்களில் பற்சக்கரங்கள் இறுகிக் கியர் கம்பி வெளிவர மறுக்கும். அப்பொழுது சில கஜம் பின்னோக்கி நேராக ஓட்டினால் கம்பி பெரும்பாலும் விடுபடும்.