தூரமும் நேரமும் – 7: எண்பதாம் நெடுங்கோட்டில் பலாலி

உருண்டையான புவியில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியே பெருவட்டத் தூரம் என்பது சென்ற வாரம் சொல்லப்பட்டது. அதை மீண்டும் விளக்க இங்கு இடமில்லை. பயண நேரம் இந்த வாரத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிடப் புகுந்தால் நேரம் எளிதில் பின்தள்ளப்பட்டுவிடுகிறது.

பொதுவாகப் பெருவட்டத் தூரத்தைக் காணத் திரிகோண கணிதம் வேண்டும். இங்கோ ஒரு கழித்தல் போதும். சென்னை விமான நிலையம் வட அகலக்கோடு 12 பாகை 59 கலையிலும், பலாலி 9 பாகை 47 கலையிலும் அமைந்துள்ளன. பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. இரண்டும் எண்பதாம் நெடுங்கோட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால், அகலக்கோட்டு வேறுபாடான 192 கலைகளே தூரமாகிவிடுகின்றன. ஏனெனில் கடல் மைல் என்பது அகலக்கோட்டில் ஒரு கலை நகர்வதற்கான தூரமாகவே முதலில் வகுக்கப்பட்டது. 192 கடல் மைல் என்பது ஏறத்தாழ 355 கிலோமீற்றர்.

வியப்பு இத்துடன் நிற்கவில்லை: அதே கோட்டைத் தெற்கே நீட்டினால் அது கொழும்பின் இரத்மலானை நிலையத்துக்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது, பலாலியோ இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோனின் முதல் விமானமான 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கிச் சென்னைக்குப் பறந்தபோது வழியை வளைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வளைவு பிற்காலத்தில் வந்தது. பலாலியிலிருந்து இந்தியாவுக்குச் சேவை இல்லாதிருந்த பல பத்தாண்டுகளில், வடக்கே செல்லவேண்டிய யாழ்ப்பாணத்தார் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புப் பக்கம் போய், கட்டுநாயக்கவில் விமானமேறி, புறப்பட்ட ஊரையும் தாண்டி வடக்கே வந்தனர். நிலப்படம் கேலி செய்த பயணம் அது.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயர் தொடங்கிய சேவை பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. ஏ.ரி.ஆர். 72 எனும், சுழல்விசிறியால் இயங்கும் விமானம் மணிக்கு ஏறத்தாழ 275 கடல் மைல் வேகத்தில் பறக்கவல்லது. அவ்வேகத்தில் 192 கடல் மைலுக்கு 42 நிமிடம் போதும். ஆனால் நேர அட்டவணை காட்டுவது ஏறத்தாழ ஒன்றேகால் மணி. சக்கரத்தடை எடுக்கப்பட்ட நொடி முதல் மீண்டும் போடப்படும் நொடி வரை எண்ணப்படுவதே அட்டவணை நேரம் என்பது ஒரு காரணம். சோழகம், வாடை ஆகிய காற்றுகளின் பங்கு தனியே ஆராயத்தக்கது.

2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் இண்டிகோ பலாலிக்குப் பறக்கிறது. அவ்வழி ஏறத்தாழ 185 கிலோமீற்றர். சென்னை வழியில் சற்றேறக்குறையப் பாதி. தூரம் பாதியானாலும் நேரம் ஏன் பாதியாவதில்லை என்பது அடுத்த வாரம்.